டாக்டர் பதில்கள்: எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், எதோடு வீட்டுக்கு வருவார் என்று கேளுங்கள்

இரண்டு இதழ்களுக்கு முன் வாயில் ஆறாத புண் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புண்ணைப் பற்றியவை அல்ல. புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற வீடுகளிலிருந்து வந்தவை. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முதலிடம் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே.

அப்பாவுக்கு 58 வயது. கன்னத்தில் வந்த புண் தாடை எலும்பு வரை போய்விட்டதாம். தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்களாம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். 10 நாள் லீவு போட்டால் போதுமா? (வாசகி, விருதுநகர்)

போதாதும்மா. 10 நாள் என்பது ஆஸ்பத்திரிக் கணக்கு, எல்லாம் ஒழுங்காகப் போனால் 10 முதல் 14 நாளில் அனுப்பிவிடுவார்கள்தான். ஆனால் வீட்டுக் கணக்கு வேறு. எலும்பு வரை போன நோய்க்கு ஆபரேஷனுக்குப் பிறகு கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்கிறோம்) அநேகமாக உறுதி, அதை ஆபரேஷன் நடந்த 6 வாரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும், வாரத்துக்கு 5 நாள் வீதம் பெரும்பாலும் 30 தடவை, அதாவது இன்னும் ஒரு 6 வாரம். கூட்டிப் பாருங்கள், மூன்று மாதம். அவ்வளவு நாளும் நீங்களே கூட இருக்க வேண்டியதில்லை. லீவை உடைத்துப் போடுங்கள்: ஆபரேஷன் சமயத்தில் ஒரு பங்கு, வீட்டுக்கு வந்த முதல் வாரத்துக்கு ஒரு பங்கு, கரண்ட் ஆரம்பித்து மூன்றாவது வாரத்திலிருந்து வாயெல்லாம் வெந்து போய்ச் சாப்பாடு இறங்காத காலத்துக்கு ஒரு பங்கு. இந்தக் கடைசிப் பங்கைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆபரேஷனையே தாண்டி வந்தவர் கரண்ட் வைக்கும்போது எடை குறைந்து திரும்ப வார்டுக்கு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்பாவுக்கு என்னென்ன தேவைப்படும் என்பதில் பெரும் பகுதியை இன்றைக்கே, உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே ஊகிக்கலாம். அவருடைய பெல்ட்டைப் பாருங்கள். புதிதாக ஓட்டை போட்டிருக்கிறாரா? ஆறு மாதத்தில் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ ஆள் 54 ஆகியிருந்தால், காயம் மெதுவாகத்தான் ஆறும். ஆபரேஷனுக்கு முன்பே மூக்கில் டியூப் போட்டாவது உணவு ஏற்றச் சொல்வார்கள், மறுக்காதீர்கள். அப்புறம் மாடிப்படி. நிற்காமல் இரண்டு மாடி ஏறுகிறவரும், பத்துப் படியில் மூச்சு வாங்கி உட்காருகிறவரும் ஒரே வயதாக இருந்தாலும் ஒரே மாதிரி தேற மாட்டார்கள். சர்க்கரை உண்டா, மூன்று மாத சராசரி எவ்வளவு, பீடி இன்னும் ஓடுகிறதா, அந்தக் கழுத்தில் முன்பே கரண்ட் வைத்திருக்கிறதா, இதெல்லாம் அடுத்து. பிறந்த வருஷத்தைவிட இவற்றுக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

காலைப் பற்றிப் பயப்படாதீர்கள். எடுப்பது கெண்டைக்காலின் வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பு, உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது பக்கத்தில் உள்ள பெரிய எலும்புதான். கணுக்கால் பக்கம் 6, 7 சென்டிமீட்டர் விட்டுவிட்டுத்தான் வெட்டுவார்கள், கணுக்கால் ஆட்டம் காணக் கூடாது என்பதற்காக. எல்லாம் சரியாக இருந்தால் நாலைந்து நாளில் வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிடுவார்கள். ஆனால் உங்கள் வீட்டில் தரையோடு இருக்கிற இந்தியன் டாய்லெட்டா? அப்படியானால் இந்த வாரமே ஒரு கமோடு நாற்காலி வாங்கி வையுங்கள். இதை எந்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் சொல்லாது.

என் கணவருக்கு நாக்கில் பாதியை எடுத்துவிட்டு கையிலிருந்து சதை வைக்கப் போகிறார்கள். அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். திரும்பப் பாடம் நடத்த முடியுமா? (வாசகி, கும்பகோணம்)

இதற்கு நேராகப் பதில் சொல்ல ஆசைதான், ஆனால் எந்தப் பாதி என்று நீங்கள் எழுதவில்லை. நாக்கின் ஒரு பக்கத்தை நுனியிலிருந்து நீளவாக்கில் எடுத்து, மறுபக்கமும் அடிநாக்கும் நன்றாக இருந்தால், அநேகம் பேர் மற்றவர்களுக்குப் புரியும்படி பேசுகிறார்கள், வாயால் சாப்பிடவும் செய்கிறார்கள். அடிநாக்கையும் சேர்த்து எடுத்தால் விழுங்குவதுதான் பெரிய பாடு, உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிற ஆபத்து கூடும், மூக்கில் உணவு டியூப் பல மாதம் தங்கலாம். வைக்கிற சதைக்குச் சுவை தெரியாது, தானாக அசையவும் அசையாது. அது இடத்தை அடைக்கத்தான். வேலை செய்ய வேண்டியது மிச்சமிருக்கிற நாக்கு. அதனால் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு மிஞ்சுகிறது, அது அசைகிறதா என்று கேளுங்கள்.

தமிழாசிரியர் என்றால் இன்னொரு விஷயம். 'அம்மா', 'அப்பா' வந்துவிடும், உதட்டெழுத்துகள் நாக்கை நம்பி இல்லை. ட, ண, ள, ழ, ற இதெல்லாம் நுனிநாக்கை மேலே தூக்கியோ மடித்தோ சொல்ல வேண்டியவை, இவைதான் கடைசியில் வரும், சிலருக்கு முழுசாக வராமலே போகும். என்னிடம் வந்த ஒருவர் எட்டு மாதம் கழித்து 'வாழைப்பழம்' என்று தெளிவாகச் சொல்லிக் காட்டினார், பக்கத்திலிருந்த அவருடைய பேரனுக்குத்தான் அது சரியாக வரவில்லை. பேச்சுப் பயிற்சியாளரை ஆபரேஷனுக்கு முன்பே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இப்போதைய குரலில் அவர் ஒரு பக்கம் வாசிப்பதைப் போனில் பதிவு செய்து வையுங்கள், பின்னால் ஒப்பிட உதவும். வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதைக் கரண்ட் முடிந்து இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு யோசிக்கலாம். அதற்கு முன்னால் யார் தேதி சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கையைப் பற்றியும் ஒன்று. பெரும்பாலும் எழுதாத கையிலிருந்துதான் எடுப்பார்கள். வார்டில் பழக்கதோஷத்தில் அந்தக் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிடுவார்கள். அங்கே உள்ள ரத்தக்குழாய்தான் நாக்குக்குப் போகப் போகிறது. எந்தக் கை என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அட்மிட் ஆன நிமிஷத்திலிருந்து அதில் யாரையும் ஊசி போட விடாதீர்கள். அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்பா தினமும் குடிப்பவர். டாக்டரிடம் 'எப்பவாவது' என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் காட்டிக் கொடுப்பதா? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

காட்டிக் கொடுங்கள், இன்றைக்கே. தினமும் குடிக்கிற ஆள் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம் ஆரம்பிக்கும், இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கிப்போய் யாரையும் அடையாளம் தெரியாமல் கைகால் உதறலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக அதே இரண்டு மூன்று நாள்தான் வைத்த சதைக்கு ரத்தம் போவதற்காகக் கழுத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகல ரத்தக்குழாய்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்துவிட்டு, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பாதே என்று நாங்கள் காவல் இருக்கிற காலம். முன்கூட்டித் தெரிந்தால் மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்துத் தயார் செய்துவிடலாம். வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்திவிட்டுக் கூட்டி வருவதும் ஆபத்துதான், கேட்டுச் செய்யுங்கள்.

வயது, எடை, சர்க்கரை எல்லாம் போட்டால் ஆபரேஷன் ஆபத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிற இணையப் பக்கம் இருக்கிறது. மாமாவின் விவரங்களைப் போட்டேன், பெரிய சிக்கல் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று வந்தது. இதை நம்பலாமா? (இன்ஜினீயர் வாசகர், கோவை)

நீங்கள் போட்டது அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் கணிப்பானாக இருக்க வேண்டும், 2013-லிருந்து இணையத்தில் இருக்கிறது, 20-க்கும் மேற்பட்ட விவரங்கள் கேட்கும். மோசமான கருவி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எல்லா வகை ஆபரேஷனுக்கும் பொதுவாகச் செய்தது. வாயையும் தாடையையும் எடுத்து வேறிடத்துச் சதை வைக்கிற இந்தப் பெரிய ஆபரேஷனில் அது சொல்கிற ஆஸ்பத்திரி நாள் கணக்கு சரிவருவதில்லை என்று பரிசோதித்துப் பார்த்தவர்களே எழுதியிருக்கிறார்கள். காரணம் எளிது. கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு டியூப் வைப்பார்களா, நாக்கு எவ்வளவு மிஞ்சும், முன்பே கரண்ட் வைத்த கழுத்தில் ரத்தக்குழாய் எப்படி இருக்கும், இதையெல்லாம் அது கேட்பதே இல்லை.

இன்னொன்று கவனித்தீர்களா, அதில் 'வீட்டுக்குப் போகாமல் பராமரிப்பு விடுதிக்குப் போகும் வாய்ப்பு' என்று ஒரு சதவீதம் வரும். அமெரிக்காவில் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. நம் ஊரில் அந்த விடுதியின் பெயர் அத்தை. அத்தைக்கு மூட்டு வலியா, இராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சளி உறிஞ்சும் மெஷினைப் போட அவரால் முடியுமா, கரண்ட் போனால் என்ன செய்வார் (இது வேறு கரண்ட்), இதைக் கேட்கிற கணிப்பானை யாராவது செய்தால் சொல்லுங்கள், நான் தினமும் பயன்படுத்துகிறேன்.

என் அண்ணனுக்கு 8 நாள் என்று சொல்லி 22 நாள் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு தடவை திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பணம் பிடுங்கவா? (வாசகர், நாகர்கோவில்)

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இரண்டாம் நாள், சதை நீலம் பாரித்தது, ரத்தக்குழாய் திரும்பத் தைக்கப்பட்டது' என்று இருக்கிறது. அது உங்கள் அண்ணனின் தாடையைக் காப்பாற்றிய ராத்திரி. வைத்த சதைக்கு ரத்தம் போகாவிட்டால் வெளுக்கும், போன ரத்தம் திரும்ப முடியாவிட்டால் நீலம் பாரித்து வீங்கும். முதல் நாள் நர்ஸ்கள் மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பதும், விரலால் அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று கவனிப்பதும், சில நேரம் ஊசியால் லேசாகக் குத்திப் பார்ப்பதும் அதற்காகத்தான். நல்ல மையங்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் இந்தச் சதை பிழைத்துவிடுகிறது. கெடுபவை பெரும்பாலும் முதல் மூன்று நாளிலேயே கெடும், சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தால்தான் மீட்க முடியும். அதற்குப் பிறகு எச்சில் தையல் வழியாகக் கழுத்துக்குக் கசிந்திருக்கிறது, அதனால்தான் மிச்ச நாள்.

தப்பு எங்கே என்றால், 8 நாள் என்று ஒற்றை எண்ணைச் சொன்னதில். நானும் செய்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் 60 தாண்டிய ஒருவருக்கு மார்புச் சதையைத் திருப்பிக் கன்னத்தில் வைத்தோம், ஆபரேஷன் சுத்தமாக முடிந்தது. '10 நாளில் வீட்டுக்குப் போயிடலாம்' என்று முதல் நாளே சொல்லிவிட்டேன், பத்தாவது நாள் அனுப்பவும் செய்தேன், மனசுக்குள் பெருமை வேறு. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. மனைவி இறந்துவிட்டார், மகன் வெளிநாட்டில், இவர் மாடியில் ஒரு அறையில் தனியாக. பசி தாங்காமல் மூக்கில் உணவு டியூப் இருக்கும்போதே டீயும் பன்னும் சாப்பிட்டிருக்கிறார். வீட்டுக்குப் போன ஆறாவது நாள் நெஞ்சு நிறையச் சளியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார், ஐசியூவில் 9 நாள். அதிலிருந்து ஓபியில் என் முதல் கேள்வி, 'சமையல் யார் செய்றாங்க?'

இப்போது மூன்று தடவை கணிக்கிறேன். ஆபரேஷனுக்கு முன் ஒன்று, மூன்றாம் நாள் சதை பிழைத்தது தெரிந்ததும் ஒன்று, ஏழாம் நாள் வாக்கில் மூச்சு டியூப் எடுத்தாயிற்றா, எச்சிலை விழுங்குகிறாரா என்று பார்த்துவிட்டு ஒன்று. மூன்றாவதுதான் ஓரளவு நிலைக்கும். உங்கள் டாக்டர் முதல் கணிப்பை மாற்றினால் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை.

மூக்கு டியூப்போடு அனுப்புகிறார்கள். என்ன வாங்கி வைக்க வேண்டும்? (வாசகி, திண்டுக்கல்)

வாங்குவதைவிடப் பழகுவது முக்கியம். டிஸ்சார்ஜுக்கு முன் குறைந்தது நாலு தடவை நீங்களே, நர்ஸ் பக்கத்தில் நிற்க, டியூப்பில் உணவு கொடுத்துப் பாருங்கள். தலைமாட்டை நன்றாக உயர்த்தி, கொடுத்து முடித்து அரை மணியாவது படுக்க விடாமல். மூக்கு நுனியில் டியூப்பில் பேனாவால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், கோடு நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் ஊற்றாமல் கூப்பிட்டுக் கேளுங்கள். சத்துமாவுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், முட்டை, பால் எதுவானாலும் மிக்ஸியில் அடித்து வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான். வடிகட்டாத ராகிக் கஞ்சி டியூப்பை அடைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வருகிறவர்கள் எனக்கு மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு. முன்னும் பின்னும் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவுக்கு. வீட்டில் ஆகிற பால், முட்டை, வண்டிக்கூலி உங்கள் கையிலிருந்துதான், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வருகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொல்லி வையுங்கள், அவர்களாகத் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். வாய் ஒரு விரல்கூடத் திறக்கவில்லை, வலது தோளைத் தூக்க முடியவில்லை. இது இப்படியேதானா? (வாசகர், சேலம்)

தோளைத் தூக்குகிற நரம்பு கழுத்து நெறிக்கட்டிகளுக்கு நடுவே ஓடுகிறது. கட்டிகளை எடுக்கும்போது நரம்பை அறுக்காவிட்டாலும் அது அடிபட்டுச் சோர்ந்துவிடும், திரும்ப மாதக்கணக்கில் ஆகும். நரம்பு தேறுவதற்குள் மூட்டு இறுகிவிடக் கூடாது என்பதற்குத்தான் பயிற்சி. சுவரில் விரலால் ஏறுங்கள், தினமும் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு. நரம்பை எடுத்தே விட்டார்களா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அப்படியென்றால் பயிற்சியே வேறு.

வாய்க்கு ஐஸ்கிரீம் குச்சி. கேலி இல்லை, புற்றுநோய் வார்டுகளில் ரொம்ப நாளாக இருக்கிற வைத்தியம். பல்லுக்கு நடுவில் நுழைகிற அளவு குச்சிகளை அடுக்கி வைத்து, சில நிமிஷம் தாங்கி, இன்னும் ஒரு குச்சியை நடுவில் செருகுவது. குச்சி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன், 35 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் வாய் இறுகியிருக்கிறது என்று கணக்கு, ஆக உங்கள் இலக்கு 17, 18 குச்சி. எலும்பு வைத்துத் தகடு போட்டிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். முதல் மாதமே யாராவது உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு அதில்தான் வருத்தம்.

கரண்ட் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது, நோய் இல்லை என்கிறார்கள். ஆனாலும் அம்மா எப்போதும் தூங்கி வழிகிறார், குளிர்கிறது என்கிறார். (வாசகர், காரைக்குடி)

தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்கு ஆறு மாதம் அல்லது வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் பார்க்க வேண்டியது.

மாமனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கழுத்தில் டியூப் போட்டு ஒரு வாரம் பேச முடியாது என்கிறார்கள். சிலேட்டு கொடுத்தும் பயனில்லையே? (வாசகி, புதுக்கோட்டை)

ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரியே அவரோடு உட்கார்ந்து சைகைகளைப் பேசி வையுங்கள், வலி, சளி, தண்ணீர், பாத்ரூம், பயமாக இருக்கிறது, இந்த ஐந்தும் போதும். ஐசியூவில் உங்களை உள்ளே விட மாட்டார்கள், அதனால் நர்ஸிடமும் அதையே செய்து காட்டிவிட்டுப் போங்கள். எங்கள் வார்டில் இருந்த ஒரு பெரியவர் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சளி எடுக்க வேண்டும், இரண்டு என்றால் வலி. விடாமல் தட்டினால், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் டீவியைச் சத்தமாக வைக்கச் சொல்கிறார் என்று நாலாம் நாள்தான் எங்களுக்குப் புரிந்தது. டம்ளரும் ஸ்பூனும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், சத்தம் கேட்காது.